கட்டடத்துக்கு முன் பதிவேடு: வன்னியில் ஓர் ஊர் அருங்காட்சியகத்துக்கு நிதி கேட்பது எப்படி?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கள் சனசமூக நிலையத்தின் பழைய வாசிகசாலைக் கட்டடம் சும்மா கிடக்கிறது. ஊரவர் தந்த இடியன் துவக்கு (மருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி) ஒன்று, வயல் உழும்போது அகப்பட்ட ஈயக் குண்டுகள், ஒல்லாந்தர் காலச் செப்புக் காசுகள், விஷகடி வைத்திய ஏடுகள், பழைய படங்கள் எல்லாம் ஓர் அலுமாரிக்குள் இருக்கின்றன. இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் அங்கே ஒரு படையணி அருங்காட்சியகத்தை லொத்தர் (பரிசுச்சீட்டு) பணத்தில் புதிதாக்கியதைப் பார்த்துவிட்டு, பிரித்தானியரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் பேரில் நாங்களும் அப்படி ஒன்று செய்யலாம், மரபுரிமை நிதி எடுக்கலாம் என்கிறார். உண்மையிலேயே முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, முடியும். ஆனால் மச்சான் பார்த்த அந்தப் பணம் வன்னிக்கு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீணாக எதிர்பார்க்கக் கூடாது. பிரித்தானியாவில் தேசிய லொத்தர் 1994இல் தொடங்கியபோது அதன் வருமானத்தில் ஒரு பங்கை மரபுரிமைக்கு ஒதுக்க ஒரு நிதியம் அமைத்தார்கள். 2019 முதல் அதற்குத் தேசிய லொத்தர் மரபுரிமை நிதியம் என்று பெயர். ஐக்கிய இராச்சியத்துக்குள் நடக்கும் வேலைக்குத்தான் அது பணம் கொடுக்கும். அங்கே இருந்து நீங்கள் எடுக்கக்கூடியது கேட்கும் முறை. அந்த முறையைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் வேறு கதவுகளைத் தட்டும்போது உங்கள் விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

அங்கே படையணி அருங்காட்சியகங்கள் ஏன் புதுப்பிக்கப்பட்டன என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் காரணம் கட்டடம் பழசானது அல்ல. பிரித்தானியாவில் பெரும்பாலும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு படையணி இருந்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் தங்கள் பதக்கங்களையும் வாள்களையும் கொடிகளையும் கொண்டுவந்து வைத்து, தங்களுக்காகவே நடத்திய அறைகள்தான் அந்த அருங்காட்சியகங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாகப் பதக்கம், பக்கத்தில் பெயரும் ஆண்டும் எழுதிய சின்னத் துண்டு. உள்ளே வருபவருக்கு அந்தப் படையணியை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு ஒன்றும் விளங்காது. பிறகு படையணிகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள். 1688இல் தொடங்கிய கிறீன் ஹவார்ட்ஸ் என்ற படையணி 2006இல் யோர்க்ஷயர் படையணிக்குள் கலந்து, தனிப் படையணியாக இல்லாமல் போனது. பழைய வீரர்களும் ஒவ்வொருவராகக் காலமானார்கள். கேட்க ஆளில்லாத கதையை வைத்துக்கொண்டு பல அருங்காட்சியகங்கள் தவித்தன. லொத்தர் நிதியம் அவர்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உங்கள் படையணியில் யாரும் இல்லாத ஒரு குடும்பம் உள்ளே வந்தால், அவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. சிப்பாயின் மனைவி எழுதிய கடிதம், காயப்பட்டவனின் மருத்துவச் சீட்டு, சண்டைக்குப் போக மறுத்தவனின் கதை, எதிர்ப்பக்கம் நின்றவர்களின் பார்வை எல்லாம் அப்போதுதான் சுவருக்கு வந்தன.

பெரிய உதாரணம் இலண்டன் செல்சியில் உள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகம். 2014 மேயில் மூடி 2017 மார்ச்சில் திரும்பத் திறந்தார்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 2 கோடியே 37 இலட்சம் பவுண். அதில் லொத்தர் நிதியம் கொடுத்தது 1 கோடியே 15 இலட்சம், அதாவது ஏறக்குறையப் பாதி. மற்றப் பாதியை அவர்களே வெளியில் திரட்டினார்கள். முழுச் செலவையும் ஒருவரே தூக்கிக் கொடுப்பது உலகத்தில் எங்கேயும் அரிது. நிதி கேட்டுப் போகும்போது "எங்கள் பக்கத்திலிருந்து இது இருக்கிறது" என்று ஏதோ ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன கிறீன் ஹவார்ட்ஸை நான் சும்மா எடுக்கவில்லை. அதன் அருங்காட்சியகம் வட யோர்க்ஷயரில் றிச்மண்ட் நகரச் சந்தைச் சதுக்கத்தில், ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கிறது. அதுவும் லொத்தர் நிதியின் துணையோடு புதுப்பிக்கப்பட்டதுதான். அந்தப் படையணியின் பழைய பெயர் 19ஆம் காலாட்படை. 1796 முதல் 1820 வரை இலங்கையில் இருந்த படை அது. 1803 யூனில் கண்டியில் மேஜர் டேவியின் கீழ் இருந்த பிரித்தானியக் காவற்படை அழிந்தபோது மாண்டவர்களில் அந்தப் படையணியின் சிப்பாய்களும் இருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஓகஸ்ட் 25 அன்று, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். ஒக்டோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். நீங்கள் சொல்ல நினைக்கும் கதையும் அந்தத் தேவாலயத்துக்குள் இருக்கும் கதையும் ஒரே ஆண்டில், ஒரே போரில் சந்திக்கின்றன. இந்தத் தொடர்பை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதலாம். இதைப் பற்றிக் கடைசியில் இன்னும் சொல்கிறேன்.

இனி நம்முடைய மண்ணுக்கு வருவோம். போருக்குப் பிறகு வன்னியில் இராணுவக் காட்சியிடங்களுக்குக் குறைவில்லை. புதுக்குடியிருப்பில் கைப்பற்றிய ஆயுதங்களையும் படகுகளையும் வைத்தார்கள். கிளிநொச்சியில் குண்டு துளைத்த கல்லிலிருந்து தாமரை முளைப்பதுபோல் நினைவுச் சின்னம், ஆனையிறவில் புல்டோசர். தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புதுப்பிக்கப்படுவதற்கு முந்திய இங்கிலாந்துப் படையணி அறை எப்படி இருந்ததோ, இவையும் அப்படித்தான்: வென்ற படை தன் கதையைத் தனக்கே சொல்லிக்கொள்கிறது. அந்த மண்ணில் பிறந்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்தவருக்கு அங்கே ஒரு சுவர்கூட இல்லை. இது எனக்கு நெஞ்சில் தைத்த விஷயம். அதனால்தான் உங்கள் முயற்சி எனக்குப் பெரிதாகப் படுகிறது, அதனால்தான் ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். அதற்கு எதிராக நம்முடைய வெற்றி அறை ஒன்றைக் கட்டி, வாளைத் தூக்கிய சிலை ஒன்றை நடுவில் வைத்துவிட்டால் நாங்களும் அதே வேலையைத்தான் செய்கிறோம். பண்டாரவன்னியனுக்குச் சிலை வவுனியாவில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் அறைக்குத் தேவை அவனோடு நின்ற, பெயர் எழுதப்படாத ஆட்கள். அரிசி கொண்டுபோனவர், காட்டுப் பாதை காட்டியவர், எதிர்ப்பக்கம் பிரித்தானியர் சம்பளத்தில் நின்ற மலாய்ச் சிப்பாய். பிறகு, அதே காட்டில் அதன் பின் இருநூறு ஆண்டுகள் வாழ்ந்து, 2009இல் எல்லாவற்றையும் விட்டுப் போனவர்கள்.

ஒரு சிறு விஷயம், ஆனால் விளக்கத் துண்டு எழுதும்போது உங்கள் நேர்மையைச் சோதிக்கும் விஷயம். கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல், இந்த இடத்தில் 1803 ஒக்டோபர் 31இல் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று மட்டும் சொன்னது. இறப்பைப் பற்றி அதில் ஒரு சொல் இருக்கவில்லை. ஊரிலோ அவன் அங்கேயே வீழ்ந்தான் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. அவன் தப்பிப் பிறகும் சண்டை செய்தான் என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றையும் எழுதி வையுங்கள். கல் சொல்வது இது, ஊர் சொல்வது இது, மற்றவர்கள் சொல்வது இது என்று. நிதி கொடுப்பவர் அனுப்பும் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதுதான் வரலாற்றுப் பாடம்.

இப்போது எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. கட்டடத்தை ஒத்திவையுங்கள். முதல் வேலை பதிவேடு. எந்த நிதியத்துக்குப் போனாலும் கேட்கும் முதல் கேள்வி, உங்களிடம் என்ன இருக்கிறது, அது உங்களுடையதா என்பதுதான். அலுமாரியைக் காட்டினால் போதாது.

நல்ல தடித்த கட்டுக்கொப்பி ஒன்று வாங்குங்கள், தாள் கழராத தையல் கட்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். வந்த ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது கொடை, அந்தக் கொடைக்குள் எத்தனையாவது பொருள் என்று மூன்று பகுதியாக எழுதுவது உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் உள்ள வழக்கம். 2025.4.2 என்றால் 2025இல் நான்காவதாக வந்தவர் தந்த இரண்டாவது பொருள். பிறகு அளவு, நிறை, எதனால் செய்தது, எங்கே உடைந்திருக்கிறது, யார் தந்தார், கொடையா இரவலா. கொடையென்றால் கையெழுத்து வாங்குங்கள். இரவலென்றால் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதுங்கள். பத்து வருடம் கழித்துத் தந்தவரின் பேரப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து கேட்கும்போது அந்தக் கையெழுத்துத்தான் உங்களையும் அவரையும் சண்டையிலிருந்து காப்பாற்றும்.

ஆனால் பதிவேட்டின் உயிர் இதற்குப் பிறகுதான் வருகிறது: தந்தவர் சொன்னது, அவர் வாயால் வந்தபடியே. ஒரு செப்பு அண்டா வருகிறது என்று வையுங்கள். வெளியாருக்கு அது அண்டா. தந்த அம்மாவைக் கேட்டால், 2009 தையில் ஊரை விட்டுப் போகும்போது வேலியோரம் கிடங்கு வெட்டித் தாட்டது, முகாமிலிருந்து திரும்பி வந்து தோண்டும்போது மண்வெட்டி பட்டு விளிம்பு மடங்கிப்போனது, அதற்குள் வைத்த காணி உறுதி நனைந்து கூழாகிவிட்டது என்று சொல்வார். அந்த மடங்கிய விளிம்புதான் பொருள். அதைத் தட்டி நேராக்கக் கூடாது. பதிவில் "விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்கு மடிப்பு, மண்வெட்டி பட்டது, 2009க்குப் பின்" என்று எழுத வேண்டும். தொலைபேசியில் அவருடைய குரலையும் பதிந்து, கோப்புக்கு அதே எண்ணைக் கொடுங்கள். வன்னி வீடுகளில் நூறு வருடப் பொருள்கள் அதிகம் இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். ஏன் இல்லை என்பதும் ஒரு வரலாறு. அதைப் பதிவேடுதான் சொல்லும்.

ஏடுகளையும் படங்களையும் பொறுத்தவரை, பொருளை வாங்காமலே பிரதி எடுக்கலாம். உரியவர் தன் ஏட்டைத் தானே வைத்திருக்கட்டும், நீங்கள் படமெடுத்து எண் போட்டுக்கொள்ளுங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயர் கொண்ட எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்துவதில் நீண்ட அனுபவம் உள்ளது. எப்படிப் படமெடுப்பது, கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று நீங்களாகத் திட்டம் போடாமல் அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சட்ட விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன், ஏனென்றால் இதில் சறுக்கினால் முயற்சி முழுதும் நிற்கும். இடியன் துவக்குப் பழசு, சுடாது என்று அலுமாரியில் வைத்திருக்க முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்குக் குற்றம். கிராம அலுவலரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போய், எழுத்தில் அறிவித்து, காட்சிக்கு வைப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அதுவரை அதைப் பொது இடத்தில் காட்ட வேண்டாம். மண்ணிலிருந்து எடுக்கப்படும் தொல்பொருள் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அரசுக்குரியது, கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும். வயலில் எடுத்த காசும் குண்டும் இதற்குள் வரக்கூடியவை. தொல்பொருள் திணைக்களத்துக்குப் போனால் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் ஊரில் இருக்கிறது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. அதனால் தனியாகப் போகாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்பவர்களில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பதிவேட்டின் பிரதியோடு போங்கள். எண் போட்டு, படமெடுத்து, பல்கலைக்கழகமும் அறிந்த ஒரு பொருள் ஓசையில்லாமல் மறைவது கடினம். புதிதாகத் தோண்டவே வேண்டாம். ஊர்ப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

ஷெல் துண்டு, தோட்டாக் கோது என்று யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்கக் கூடாது. கொண்டுவர வேண்டாம் என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். மிதிவெடி அகற்றும் பணி வன்னியில் போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஓயவில்லை. இருக்கும் இடத்திலேயே விட்டு, அகற்றும் குழுவுக்கு அறிவிப்பதுதான் ஒரே வழி. பாதுகாப்பானது என்று அவர்கள் எழுதித் தந்த பொருளை மட்டும் பதிவேட்டில் ஏற்றுங்கள். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் இலச்சினை, சீருடைப் படங்களைச் சுவரில் மாட்டினால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பொறுப்பாளருக்கு ஆபத்து. இறந்துபோன பிள்ளையின் படத்தைத் தாய் கொண்டுவருவார், மறுக்க உங்கள் மனம் இடம் தராது. படத்தைப் பாதுகாக்க உதவுங்கள், அவர் கதையைக் கேட்டு வையுங்கள். ஆனால் எதைக் காட்டுவது, எதை மூடி வைப்பது என்பதை ஒரு சட்டத்தரணியோடு பேசி முடிவெடுங்கள். அந்தத் தாயின் பாதுகாப்பும் உங்கள் கையில் இருக்கிறது.

பாதுகாப்பு வேலையில் அன்போடு செய்யும் கேடுதான் அதிகம். செப்பையும் பித்தளையையும் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைக்க ஆசை வரும். புளியின் அமிலம் மேல்பரப்பை அரித்து, காசில் உள்ள எழுத்தையும் கொண்டுபோய்விடும். பச்சைக் களிம்பு பொடியாக உதிராதவரை அப்படியே விடுங்கள். பழைய படத்தையும் உறுதியையும் லமினேற் பண்ண வேண்டாம். உள்ளே சூட்டோடு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. கிழிந்த தாளுக்கு ஒட்டுநாடாவும் வேண்டாம். ஏட்டுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் போடும் பழைய வழக்கம் நல்லதுதான், ஆனால் கண்டபடி பூசாமல் தெரிந்த ஒருவர் கையால் நடக்கட்டும்.

ஈயக் குண்டுகளைப் பற்றி ஒன்று. அக்காலப் பிரித்தானியத் துவக்கின் குழாய் முக்கால் அங்குல அகலம், குண்டு அதைவிடக் கொஞ்சம் சிறிது. உங்களிடம் இருப்பதை அளந்தாலே 1803ஆம் ஆண்டுப் போரின் காலத்துக்குப் பொருந்துமா, வேட்டைக்காரனின் சிறு ரவையா என்று ஓரளவு தெரிந்துவிடும். இப்போது அலுமாரியைத் திறந்து அவற்றின் மேல் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் அலுமாரிதான் காரணம். பிளைவூட், சிப்போட் பலகைகளின் பசையும் மரமும் விடும் அமில ஆவி ஈயத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். இறுக்க மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பைகளோடு போட்டு வையுங்கள். தூளை வெறுங்கையால் தொட வேண்டாம், ஈயம் நஞ்சு. புதிய காட்சிப் பெட்டி செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். மலிவுப் பலகையில் அழகான பெட்டி செய்து, மூன்று மாரி கழியப் பொருளை இழந்த இடங்கள் உண்டு. கண்ணாடியும் பூச்சுப் பூசிய இரும்புச் சட்டமும் போதும். ஏடும் படமும் துணியும் இருக்கும் பெட்டிக்கு, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் அலகில் 50க்கு மேல் வெளிச்சம் படக் கூடாது. அதற்கு விலை உயர்ந்த விளக்குத் தேவையில்லை, யன்னலுக்குத் தடித்த திரை போட்டாலே பெரும்பகுதி தீரும். கறையானுக்கு, பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால் வைத்து நிறுத்துங்கள்.

கட்டடம் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வாசிகசாலை நிற்கும் காணி யாருடையது என்று முதலில் பாருங்கள். வன்னியில் பெரும்பகுதி அரச காணி, அனுமதிப்பத்திரத்தில் உள்ளது. பிரதேச செயலகத்திலிருந்து நீண்டகாலப் பாவனைக்கு எழுத்து இல்லாமல் எந்த நிதியமும் கட்டடத்துக்குப் பணம் போடாது. புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கம் மாபிள் தரையும் பெயர்ப்பலகையும் போட்டுத் தருகிறோம் என்று வந்தால் அன்போடு பேசி, அந்தப் பணத்தைப் பெட்டிகளுக்கும் ஒரு முழுநேரப் பிள்ளையின் சம்பளத்துக்கும் திருப்பப் பாருங்கள். கூரை ஒழுகாமல், ஓடு மாற்றி, கதவு பூட்டக்கூடியதாக இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

இனிப் பணம். லொத்தர் நிதியத்தின் வழிமுறையில் நான் மிகவும் மதிப்பது, பெரிய தொகைக்கு இரண்டு கட்டமாகக் கொடுப்பது. முதலில் திட்டமிடப் பணம். அதில் பொருள்களை ஆராய்வார்கள், ஊரவரிடம் கேட்பார்கள், எப்படி நடத்துவது என்று கணக்குப் போடுவார்கள். அதைப் பார்த்த பிறகுதான் செய்யப் பணம். தொண்டர்கள் கொடுத்த நேரத்தையும் கணக்கிட்டு உங்கள் பங்களிப்பாகக் காட்ட விடுகிறார்கள். நீங்களும் இப்படியே இரண்டாகப் பிரியுங்கள். முதல் விண்ணப்பம் சின்னது: ஒரு வருடம், பதிவேடும் குரற்பதிவும் எண்ணிமப்படுத்தலும். அது முடிந்த பிறகு அறையும் பெட்டிகளும். பிள்ளைகள் மாலை நேரங்களில் வந்து படமெடுத்த மணித்தியாலங்களை இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

முதற்கட்டத்துக்குப் பொருத்தமானது பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம். 2004 முதல் நடக்கிறது, ஆர்க்காடியா என்ற நன்கொடை நிதியத்தின் பணம். ஏடுகள், பழைய கையெழுத்துகள் போன்றவற்றை உரிய நாட்டிலேயே வைத்துப் பிரதி எடுக்கத்தான் உதவுகிறது. மூலம் உங்களை விட்டுப் போகாது. துவக்குக்கும் அண்டாவுக்கும் அது இல்லை, ஏடுகளுக்குத்தான். தனி ஊராக இல்லாமல், அக்கம்பக்கத்து வைத்தியர் குடும்பங்களின் விஷகடி ஏடுகளையும் சேர்த்து, பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் கேட்டால் வலு. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இருக்கிறது, கிட்டவும் இருக்கிறது. போரால் பாதிக்கப்பட்ட இடங்களின் மரபுரிமைக்கென்றே ஜெனீவாவில் 2017இல் அமைந்த அலிஃப் என்ற நிதியம் இரண்டாம் கட்டத்துக்குப் பார்க்க வேண்டியது. கொழும்பில் உள்ள தூதரகங்களின் சிறு நிதிகளும் உண்டு. அவற்றின் விதிகள் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால், அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்த பிறகே எழுதுங்கள். உள்ளூரில் மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் பிரதேச சபையும் பெரிய தொகை தராவிட்டாலும், அவர்களின் ஆதரவுக் கடிதம் வெளிநாட்டு விண்ணப்பத்தில் பெறுமதியானது.

வெளிநாட்டுப் பணம் எடுக்கச் சனசமூக நிலையப் பதிவு மட்டும் போதுமா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தேவைப்பட்டால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ அமைப்பாகப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில், இரண்டு பேராவது கையெழுத்திட வேண்டிய முறையில் இருக்கட்டும். கணக்காய்வு செய்த அறிக்கை வேண்டும், சின்னத் தொகைக்கும்தான். மச்சானின் தனிக் கணக்குக்குப் பணம் வந்து அங்கிருந்து வருவது எந்தக் காலத்திலும் வேண்டாம்.

மச்சானுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லொத்தர் பணம் இங்கே வராது என்றேன், ஆனால் அங்கே வாழும் வன்னி மக்களின் நினைவு அங்குள்ள மரபுரிமைதான். முறையாகப் பதிந்த ஒரு தமிழ் அமைப்பு அங்குள்ள முதியோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிய அந்த நிதியத்திடம் கேட்கலாம். 10,000 பவுணிலிருந்து கொடுக்கிறார்கள். ஒரு முல்லைத்தீவு அப்பா இலண்டனில் சொன்னதன் பிரதி ஒட்டுசுட்டானில் கேட்கக் கிடைத்தால் இரண்டு பக்கத்துக்கும் நன்மை. அந்தப் பணத்தில் ஒரு சதமும் இங்குள்ள கட்டடத்துக்குத் திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.

விண்ணப்பத்தில் பலர் கோட்டை விடுவது கடைசிப் பகுதியில்: பணம் முடிந்த பிறகு எப்படி நடக்கும்? "அரசு பொறுப்பேற்கும்" என்று எழுதாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். மின்கட்டணம், துப்புரவு, திறந்து மூடும் ஆளின் சம்பளம், வருடத்துக்கொருமுறை கறையான் மருந்து எல்லாவற்றையும் மாதக் கணக்காக எழுதுங்கள். எதிரே வருமானம்: ஊர்ச்சங்கத்தின் மாதச் சந்தா, பள்ளிக்கூடச் சுற்றுலா, வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் கூட்டம். வாரத்தில் ஏழு நாளும் திறக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் ஒழுங்காகத் திறக்கும் அறை, ஏழு நாள் என்று பலகை போட்டுப் பூட்டிக் கிடக்கும் அறையைவிட மதிப்பீட்டாளரிடம் மேல்.

கடைசியாக றிச்மண்ட். பதிவேட்டில் முதல் ஐம்பது பொருளாவது ஏறிய பிறகு, அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் வைத்திருக்கும் பொருளைத் திரும்பத் தாருங்கள் என்று தொடங்க வேண்டாம். 1796இலிருந்து 1820 வரை இலங்கையோடு தொடர்புடைய பொருள்களின் பட்டியல், 1803ஆம் ஆண்டுக்குரிய கடிதம், நாட்குறிப்பு, வரைபடம் ஏதாவது இருந்தால் அவற்றின் எண்ணிமப் பிரதி, காட்சியில் பயன்படுத்த அனுமதி, இந்த மூன்றையும் கேளுங்கள். பதிலுக்கு நீங்கள் கொடுக்கக்கூடியதைச் சொல்லுங்கள்: கற்சிலைமடுவின் இன்றைய படங்கள், அந்த ஆண்டைப் பற்றி ஊரில் வழங்கும் கதைகளின் பதிவு, அவர்கள் விரும்பினால் தங்கள் சுவரில் வைக்க ஒரு பக்கத் தமிழ் விளக்கம். இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அக்காலப் படையணிகளின் ஆட்பதிவு, சம்பளப் புத்தகங்கள் இருக்கின்றன. இலங்கையில் நின்ற சிப்பாய்களின் பெயர்களை அங்கே போய்ப் பிரதி எடுக்கும் வேலையை மச்சானிடம் ஒப்படைக்கலாம். கடிதத்தின் கீழே உங்கள் பெயரோடு ஊரின் பெரியவர் ஒருவரும் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரும் கையெழுத்திடட்டும். வரும் பதிலை, அது இல்லை என்ற பதிலாக இருந்தாலும், பதிவேட்டோடு சேர்த்துக் கோவைப்படுத்துங்கள். அலிஃபுக்கோ தூதரகத்துக்கோ போகும் விண்ணப்பத்தில் அந்தக் கடிதப் போக்குவரத்தின் பிரதியை முதல் இணைப்பாக வையுங்கள்.